கேரியரா ஸ்ட்ரோலரா: குழந்தையோட எடை எங்க போய் இறங்குது?

கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வெளிய கெளம்பற எல்லா வீட்லயும் ஒரு கட்டத்துல இந்த பேச்சு வந்துடும், குழந்தைய வச்சு தள்ளிக்கிட்டு போற ஸ்ட்ரோலர் வண்டி வாங்கலாமா இல்ல நெஞ்சுல கட்டிக்கற கேரியர் வாங்கலாமான்னு. விலை, கலர், மடக்க முடியுமான்னு எல்லாம் பாக்கறோம், ஆனா பாக்க வேண்டியது ரெண்டே விஷயம் தான்னு நான் நெனைக்கறேன். ஒண்ணு, அந்த ஏழெட்டு கிலோ எடை எங்க போய் இறங்குது, உங்க முதுகுலயா ரோட்டுலயா. ரெண்டாவது, அப்ப குழந்தையோட உடம்புக்குள்ள என்ன நடக்குது. இத புரிஞ்சுக்கிட்டா கடைக்காரர் சொல்றத கேட்டு வாங்க வேண்டியதில்ல. என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், நம்ம ஊர்ல ஒண்ணு தான் வாங்க முடியும்னா கேரியர் வாங்குங்க.

குழந்தை அழுதா எந்திரிச்சு நடக்கறது எல்லா அம்மாவும் தானா செய்யறது தான். ஜப்பான்ல ரிக்கென் ஆராய்ச்சி நிறுவனத்துல குமி குரோடாவோட குழு 2013ல இத அளந்து பாத்தாங்க, ஆறு மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைங்கள அம்மா தூக்கிக்கிட்டு நடக்க ஆரம்பிச்ச உடனே, சில வினாடியிலயே, கை கால் ஆட்டறது குறையுது, அழுகை குறையுது, இதயத்துடிப்பும் எறங்குது. எலிக்குஞ்சுலயும் இதே கதை, தாய் எலி கவ்வி தூக்கினா குஞ்சு சுருண்டு அசையாம இருந்துடும். ஆபத்து நேரத்துல தாய் தூக்கிக்கிட்டு ஓடும்போது குஞ்சு திமிறாம இருந்தா ரெண்டும் பொழைக்கும், அதனால பாலூட்டிங்களுக்கு இது உடம்புலயே ஊறினதா இருக்கலாம்னு அவங்க விளக்கம். அதே குழு 2022ல இன்னொரு ஆய்வு பண்ணாங்க, அழற குழந்தைய மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்தா பெருசா பலன் இல்ல, தூக்கிக்கிட்டு நடந்தா அடங்குது, ஆட்டற தொட்டில்ல போட்டாலும் ஓரளவு அடங்குது. அதாவது வேலை செய்யறது அசைவு. அதனால ஸ்ட்ரோலர் குழந்தைய அடக்காதுன்னு சொல்றது சரியில்ல, உருண்டுக்கிட்டே இருந்தா அதுவும் செய்யும். அஞ்சு நிமிஷம் நடந்து, தூங்கின அப்புறம் உடனே கீழ போடாம அஞ்சுல இருந்து எட்டு நிமிஷம் மடியிலயே வச்சிருந்து அப்புறம் படுக்க வைங்கன்னு அந்த ஆய்வு சொல்லுது, கைய எடுத்ததும் முழிச்சுக்கற குழந்தை உள்ள வீட்ல இத ஒரு தடவ செஞ்சு பாருங்க.

இப்ப இடுப்பு. கேரியர்ல வச்சா கால் விரிஞ்சு வளைஞ்சு போயிடும்னு பாட்டிங்க பயப்படறாங்க. பொறந்த குழந்தையோட கால் இயல்பாவே கொஞ்சம் வளைஞ்சு தான் இருக்கும், ரெண்டு வயசு வாக்குல தானா நேராகும், கேரியருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. உண்மையில கவனிக்க வேண்டியது இடுப்பு மூட்டு. தொடை எலும்போட உருண்டையான தலை இடுப்பு எலும்புல ஒரு குழிக்குள்ள உக்காரணும், பொறந்த புதுசுல அந்த குழி பாதி குருத்தெலும்பு தான், தலை சரியா நடுவுல உக்காந்து அழுத்தினா தான் குழி ஆழமா உருவாகும். கால் ரெண்டும் நேரா சேந்து தொங்கினா தலை குழியோட விளிம்புக்கு நகரும். கால் விரிஞ்சு, முட்டி புட்டத்த விட கொஞ்சம் மேல இருந்தா தலை நடுவுல உக்காரும். நம்ம ஊர்ல குழந்தைய இடுப்புல வச்சுக்கறோமே, அப்ப கால் எப்படி இருக்குன்னு பாருங்க, அதே நிலை தான்! அதனால கேரியர் வாங்கும்போது துணி ஒரு முட்டியில இருந்து இன்னொரு முட்டி வரைக்கும் தாங்குதான்னு பாருங்க, கவட்டிய மட்டும் தாங்கி கால் ரெண்டும் தொங்கற மாதிரி இருந்தா வேண்டாம்.

இதோட சேத்து ஒண்ணு, இது உயிர் விஷயம். நாலு மாசத்துக்கு கீழ குழந்தைக்கு தலை கனம், கழுத்துல பலம் இல்ல, மூச்சுக்குழாய் மெல்லிசு. தாடை நெஞ்சுல போய் ஒட்டிக்கிச்சுன்னா குழாய் மடங்கி மூச்சு அடைச்சுக்கும், குழந்தை சத்தமே போடாது. ஸ்லிங்னு தோள்ல மாட்டிக்கற துணி கேரியர் இருக்கே, தொளதொளன்னு பை மாதிரி தொங்கற ஸ்லிங்ல இந்த ஆபத்து அதிகம், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010ல இதுக்காகவே எச்சரிக்கை விட்டுச்சு. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், மூக்கு துணியில புதையக்கூடாது, நீங்க குனிஞ்சா உச்சந்தலையில முத்தம் குடுக்கற உயரத்துல இருக்கணும். ஸ்ட்ரோலர்லயும் இதே தான், தானா உக்கார கத்துக்காத குழந்தைய உக்கார வச்சு தள்ளக்கூடாது, சீட்டு முழுசா படுக்கணும்.

அந்த முத்தம் குடுக்கற உயரம் உங்க முதுகுக்கும் நல்லது. 8 கிலோ குழந்தையோட எடை மையம் உங்க முதுகெலும்புல இருந்து 20 செமீ முன்னாடி இருக்குன்னு வைங்க. அத சாயாம பிடிச்சு நிறுத்தற முதுகு தசை எலும்புல இருந்து சுமார் 5 செமீ தூரத்துல தான் இருக்கு. நெம்புகோல் கணக்கு போட்டா தசை இழுக்க வேண்டியது 32 கிலோ. பட்டைய லூசா விட்டு குழந்தை முன்னாடி 28 செமீக்கு தள்ளி தொங்கினா அது 45 கிலோ ஆயிடும். குழந்தை அதே குழந்தை தான்! கேரியர் போட்டா முதுகு வலிக்குதுன்னு சொல்றவங்கள்ல நெறைய பேர் பட்டைய இறுக்கறதே இல்ல. கையில தூக்கறது இதவிட மோசம், வெறும் கையில தூக்கி நடக்க ஸ்லிங்ல வச்சு நடக்கறத விட சராசரியா 16 சதவீதம் அதிக சக்தி செலவாகுதுன்னு காரா வால்-ஷெஃப்லர் குழு 2007ல அளந்திருக்காங்க.

ஸ்ட்ரோலர் இந்த எடைய முழுசா தரைக்கு குடுத்துடுது, அதான் அதோட பெருமை. ஓவன் மக்லாரன்னு ஒரு பிரிட்டிஷ் விமான எஞ்சினியர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட தரையிறங்கு சக்கர அமைப்புல வேலை பாத்தவர், 1965ல குடை மாதிரி மடங்கற அலுமினிய ஸ்ட்ரோலர வடிவமைச்சார், எடை மூணு கிலோ கூட இல்ல. ஏர்போர்ட் மாதிரி வழவழன்னு உள்ள தரையில 16 கிலோ வண்டிய ஒரு விரல்ல தள்ளலாம். பிரச்சனை தரை மாறும்போது தான். 15 செமீ விட்டமுள்ள சின்ன சக்கரம் 3 செமீ மேட்டுல நேரா முட்டுதுன்னு வைங்க, அது ஏறணும்னா முன் சக்கரத்து மேல உள்ள எடைய போல 1.3 மடங்கு விசையோட தள்ளணும், முன்னாடி 8 கிலோ இருந்தா பத்து கிலோவுக்கு மேல. சக்கரம் 30 செமீ விட்டமா இருந்தா அதே மேட்டுக்கு 6 கிலோ விசை போதும். சின்ன சக்கரத்துக்கு மேடு 7 செமீ ஆச்சுன்னா 15 மடங்கு, அதாவது ஏறவே ஏறாது, தூக்கி தான் வைக்கணும். இப்ப நம்ம பிளாட்ஃபார்ம நெனைச்சு பாருங்க, அரை அடி உயரம், நடுவுல டிரான்ஸ்ஃபார்மர், உடைஞ்ச ஸ்லாப், குறுக்க நிக்கற பைக். பாண்டி பஜார் நடைபாதை, வண்டலூர் ஜூ, மால், மெட்ரோ ஸ்டேஷன் இங்கெல்லாம் ஸ்ட்ரோலர் சொகமா ஓடும். மெரினா மணல்லயும் கோயில் படிக்கட்டுலயும் நீங்க தான் ஸ்ட்ரோலரையும் சேத்து சுமப்பீங்க. நான் கேரியர் பக்கம் சாயறதுக்கு இது தான் பெரிய காரணம், ரோடு நல்லா இருக்கற ஊர்ல இருந்தா என் பதில் மாறியிருக்கும்.

புகை இன்னொரு காரணம். ஸ்ட்ரோலர் குழந்தை மூச்சு விடற உயரம் தரையில இருந்து 55 செமீல இருந்து 85 செமீ வரைக்கும் தான், சைலென்சர் புகை தள்ற உயரத்துக்கு ரொம்ப கிட்ட. பெரியவங்கள விட 60 சதவீதம் வரைக்கும் அதிக மாசு கலந்த காத்த அந்த குழந்தைங்க சுவாசிக்கலாம்னு இங்கிலாந்து சர்ரே பல்கலைக்கழகத்துல பிரஷாந்த் குமார் குழு 2018ல சொன்னாங்க. சிக்னல்ல நிக்கும்போது ரோட்டுல இருந்து தள்ளி நில்லுங்க.

வெயில்ல ரெண்டுமே கஷ்டம். கேரியர்ல ரெண்டு உடம்பு சூடும் ஒண்ணா சேருது, நடுவுல வேர்வை காய வழியில்ல, அதனால ஒரே அடுக்கு காட்டன், அடிக்கடி நிழல்ல எறக்கி பால் குடுக்கறதுன்னு பாத்துக்கணும், மே மாசம் மத்தியானத்துல ரெண்டுமே வேண்டாம். ஸ்ட்ரோலர்ல வெயில் படக்கூடாதுன்னு மேல துணி போத்தறாங்களே, அத தயவு செஞ்சு செய்யாதீங்க, காய்ஞ்ச துணி உள்ள காத்த அடைச்சு இன்னும் சூடாக்கும். சிட்னி பல்கலைக்கழகத்துல 2023ல சோதிச்சப்ப மெல்லிசு மஸ்லின் துணியே உள்ள ரெண்டரை டிகிரி அளவுக்கு ஏத்திடுச்சு, அதே துணிய நனைச்சு கூடவே சின்ன பேட்டரி ஃபேன் வச்சா கிட்டத்தட்ட அஞ்சு டிகிரி எறங்குச்சு. தண்ணி ஆவியாகும்போது சூட்ட எடுத்துக்கிட்டு போறதால தான் இது நடக்குது, அதனால கோயம்புத்தூர்ல கெடைக்கற பலன் ஈரப்பதம் அதிகமான சென்னையில கெடைக்காது.

கேரியர் வாங்கினவங்க பைக்ல போகும்போதும் அத மாட்டிக்கறத நெறைய பாக்கறேன், கார்லயும் அப்படியே உக்காந்துக்கறாங்க. அது நடக்கறதுக்கு மட்டும் செஞ்சது. 40 கிமீ வேகத்துல போற வண்டி மோதி பத்துல ஒரு வினாடியில நின்னா 8 கிலோ குழந்தை 90 கிலோ விசையோட முன்னாடி பாயும், அந்த பக்கிள் அதுக்கு தாங்காது, பின்னாடி இருந்து உங்க எடையும் குழந்தை மேல வந்து விழும். கார்னா குழந்தைக்குன்னு உள்ள கார் சீட், எறங்கினதுக்கு அப்புறம் கேரியர்.