அரசவைக் கவிஞர்: சொல்லும் பதவியும்

'பொயட் லோரியேட்' என்னும் ஆங்கிலத் தொடரை 'அரசவைக் கவிஞர்', 'ஆஸ்தான கவி', 'பரிசு பெற்ற கவிஞர்' எனப் பலவாறு தமிழில் எழுதக் காண்கிறோம். இவற்றுள் மூன்றாவது பிழை. நோபல் பரிசாளரையும் லோரியேட் என்பதால் நேர்ந்த மயக்கம் அது.

லோரியேட் என்பதன் வேர் 'லவுருஸ்' என்னும் இலத்தீன் மரப்பெயர். அம்மரத்தின் இலைகளால் தொடுத்த முடியைச் சூடியவர் என்பதே பொருள். 1341இல் ரோமாபுரியில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்குக்குச் சூட்டப்பட்டது அத்தகைய முடியே. அது சிறப்பு, உத்தியோகம் அன்று. கரிகாலன் பொருநனுக்குப் பொன்னாற் செய்த தாமரையைச் சூட்டியதாகப் பொருநராற்றுப்படை கூறுவதும் இவ்வகையினதே. முறையான பதவியாக அது இங்கிலாந்தில் நிலைபெற்றது 1668இல், இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் ஜோன் டிரைடனை நியமித்தபோதுதான். ஊதியத்தோடு ஒரு பீப்பாய் திராட்சை மதுவும் அவருக்கு உரித்தாயிற்று. 1688ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் புதிய ஆட்சியாளருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் அவர் அதனை இழந்தார். பதவி என்றால் பறிபோகவும் கூடும் அல்லவா!

'ஆஸ்தானம்' வடசொல், அரசர் கொலுவீற்றிருக்கும் மண்டபத்தைக் குறிப்பது. விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்னும் சோழர் மூவரின் அவையிலும் விளங்கிய ஒட்டக்கூத்தருக்கு அச்சொல் முற்றும் பொருந்தும். நமது இலங்கையிலும், போசராச பண்டிதரின் சரசோதிமாலை என்னும் தமிழ்ச் சோதிட நூல் 1310இல் தம்பதெனியாவில், சிங்கள மன்னனான பராக்கிரமபாகுவின் அவையிலேயே அரங்கேறியது.

மன்னர் மறைந்த பின்னும் சொல் மறையவில்லை. சென்னை மாகாணம் 1949இல் நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளையையும், தமிழ்நாட்டு அரசு 1978இல் கண்ணதாசனையும் 'அரசவைக் கவிஞர்' ஆக்கின. அங்கே 'அரசவை' அரசாங்கத்தைச் சுட்டும் மரபுவழக்காகிவிட்டது. கொழும்பில் நிலைமை வேறு. 'அரச ஊழியர்', 'அரச வங்கி', 'அரச கரும மொழிகள் திணைக்களம்' என நாளும் வழங்கும் நமக்கு 'அரச' என்றாலே அரசாங்கம்; 'அரசவை' என்றாலோ இன்னும் சிங்காசனம்தான் கண்முன் நிற்கிறது.

ஆகையால், பிரித்தானிய முடியின் நியமனத்துக்கு 'அரசவைக் கவிஞர்' என்பதே தகும். கலிபோர்னியா 1915இல் ஐனா கூல்பிரித்தை அமர்த்திய பதவி போன்றவற்றை 'மாநிலக் கவிஞர்' என்றும், ஸ்கொட்லாந்து 2004இல் எட்வின் மோர்கனுக்கு அளித்ததையும் வேல்ஸ் மறு ஆண்டில் ஏற்படுத்தியதையும் 'தேசியக் கவிஞர்' என்றும் எழுதலாம். எமது மாகாணங்களுள் ஒன்று இத்தகைய பதவியை என்றேனும் உருவாக்கினால் 'மாகாணக் கவிஞர்' என்பதே போதும். 'கவியரசு', 'கவிச்சக்கரவர்த்தி' என்பன பட்டங்கள். அவற்றைப் பதவிப் பெயராக ஆளுதல் பொருந்தாது.