ஊசி எந்த உயரத்தில் உட்கார்கிறது?

"1950 வாக்கில் பதிவான ஒரு ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டு இரண்டு மறுவெளியீடுகளில் கிடைத்தது. ஒன்றில் இரைச்சலே இல்லை, ஆனால் பாட்டில் உயிரும் இல்லை. இன்னொன்று லேசாகப் பொரிகிறது, ஆனால் பாடகி பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

மூல ஒலிநாடா கையில் இருந்தால் வேலை சுலபம். பல பாட்டுகளுக்கு அது கிடையாது. 1940களின் கடைசி வரை பெரும்பாலும் ஒலியை நேரடியாகத் தட்டில்தான் பள்ளமாக வெட்டினார்கள். பிறகு வந்த நாடாக்களிலும் நிறைய அழிந்துவிட்டன: அட்லாண்டிக் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான நாடாக்கள் 1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சிக் கிடங்கு ஒன்றில் எரிந்து போயின. அப்புறம் மிஞ்சுவது, யார் வீட்டிலோ தேய்ந்து கிடந்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டு.

அந்தத் தட்டு அரக்கால் ஆனது. நம் நாட்டுக் காடுகளில் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். அதில் கல்தூளும் கலந்திருப்பார்கள். எஃகு ஊசி தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு வரட்டும் என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. ஊசி தேய்ந்தது, கூடவே தட்டும் தேய்ந்தது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய தட்டு ஒன்றைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சத்தமான இடங்களெல்லாம் சாம்பல் பூத்திருந்தன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பள்ளம் 'வி' வடிவத்தில் இருக்கிறது. பழைய ஊசி அதன் சுவரை ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் அரைத்தது. அதற்கு மேலும் கீழும் சுவர் புதுசாகவே இருக்கும்! எனவே முனை சற்றுப் பருத்த ஊசியைப் போட்டால் அது மேலே உட்காரும். மெல்லியதைப் போட்டால் கீழே இறங்கும். 78 தட்டுக்கான ஊசிமுனையின் ஆரம் பொதுவாக 75 மைக்ரான் அளவில் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சில மைக்ரான் கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு ஊசியாக மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிறார்கள். அடியில் கிடக்கும் அழுக்கைத் தொடாமலிருக்க நுனி மழுக்கப்பட்ட ஊசிகளும் உண்டு. சரியான ஊசி அமைந்ததும், எழுபது வருடமாக யாரும் தொடாத சுவரிலிருந்து குரல் வருகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. அந்தக் காலத்துத் தட்டில் இரண்டு சுவர்களிலும் ஒரே ஒலிதான் இருக்கும். ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் ஸ்டீரியோ கார்ட்ரிஜ் இரண்டையும் தனித்தனியாகப் படிக்கும். கீறல் ஒரு பக்கம்தான் என்றால், அந்தக் கணத்துக்கு மட்டும் மற்ற சுவரை எடுத்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் செய்யாமல், கிடைத்த ஊசியில் ஓட்டிவிட்டு மென்பொருளில் இரைச்சலைச் சுரண்டுகிறவர்களும் உண்டு. இரைச்சல் இருக்கும் அதே உயர் அதிர்வெண்களில்தான் சிம்பலின் கிணுகிணுப்பும் பாடகியின் 'ஸ்' ஒலியும் மூச்சும் இருக்கின்றன. அளவு மீறினால் எல்லாம் சேர்ந்து போய்விடும். வாசகர் சொன்ன முதல் மறுவெளியீட்டுக்கு நேர்ந்தது அநேகமாக இதுதான்.

லட்சம் ரூபாய் கேபிள் மாட்டினால் பழைய பாட்டு தெளியும் என்று நம்புகிறவர்களை எனக்குத் தெரியும். தாயத்து வியாபாரம்தான் அது. அந்தப் பணத்தில் ஒரு ஆவணக் காப்பகத்துக்கு ஊசிகள் ஒரு பெட்டி நிறைய வாங்கித் தரலாம். நம்மூர் நாடகப் பாட்டுத் தட்டுகளும் இதே அரக்கில்தான் தேய்ந்து கிடக்கின்றன.