பார்ட்டி கேம்களின் அதிர்ஷ்டச் சக்கரம்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கேம் விளையாடலாம் என்பதே குழந்தைகள் மனநல ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் எடுத்தவுடன் கேட்கும் கேள்வி. நேரம் முக்கியம்தான். ஆனால் பலர் ஆன்லைனில் சேர்ந்து போட்டியிடும் ஸ்டம்பிள் கைஸ் போன்ற பார்ட்டி கேம்களைப் பொறுத்தவரை, பிள்ளை ஓடிக் குதித்து விளையாடுகிறதா, அல்லது அடுத்த ஸ்கின் (கேம் பாத்திரத்துக்கான புதுத் தோற்றம்) எப்போது விழும் என்று திரையில் பரிசு தரும் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

விளையாட விளையாடப் புதிய பொருள்கள் திறப்பதில் தவறில்லை. 2001இல் வெளிவந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மீலீயிலும் காசு போட்டு 'டிராஃபி' எனும் சிறு உருவப் பொம்மையை எடுக்கும் குலுக்கல் இருந்தது. அந்தக் காசு ஆட்டத்தில் சம்பாதித்த காசு, அவ்வளவுதான். இன்றைய இலவச கேம்கள் பலவற்றில் ரூபாய் ஜெம்மாகிறது (கேமுக்குள் மட்டும் செல்லும் பணம்), ஜெம் ஒரு சுழற்சியாகிறது. இந்த இரண்டு படி தாண்டியதும் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன, நமக்கே கணக்கு மறந்துவிடும்.

சக்கரம் மெல்ல வேகம் குறைந்து, அரிய ஸ்கின் இருக்கும் கட்டத்தை உரசிவிட்டு அடுத்த கட்டத்தில் நிற்கும்போது "ஜஸ்ட் மிஸ்!" என்று பிள்ளை கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். எது விழ வேண்டும் என்பதைப் பொதுவாக நிரல் முன்பே முடிவு செய்துவிடும். திரையில் சுழல்வது வெறும் காட்சி. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசே ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் என்பது உளவியலில் பழைய பாடம். சூதாட்ட இயந்திரங்கள் ஓடுவதும் அதே விதியில்தான்.

ஓவர்வாட்ச், ஃபிஃபா 18 உள்ளிட்ட கேம்களில் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே பணம் கொடுத்து வாங்கும் குலுக்கல் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது. கேம் நிறுவனமான நிண்டெண்டோவும் மரியோ கார்ட் டூரில் எது வரும் என்று தெரியாமல் பரிசு கொட்டும் குலுக்கல் குழாயை 2022இல் எடுத்துவிட்டு, வேண்டியதைப் பார்த்து வாங்கும் கடையை வைத்தது. பல கேம்கள் இப்போது வாய்ப்புச் சதவீதத்தைக் காட்டுகின்றன. ஆனால் அதைச் சரியாகப் புரிந்துகொள்பவர்கள் குறைவு. 1 சதவீதம் என்றால் 100 முறை சுழற்றினால் கட்டாயம் கிடைக்கும் என்று படித்த பெற்றோரே நம்புகிறார்கள். ஒவ்வொரு சுழற்சியும் தனித்தனி என்பதால், 100 முறை சுழற்றியும் அது கிடைக்காமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 37 சதவீதம்.

கேமை அன்றே அழித்துவிடுங்கள் என்று நான் சொல்வதில்லை. பிடுங்கிய போனுக்காக வீட்டில் நடக்கும் சண்டையில் உண்மையான பேச்சு நடக்காமலே போகிறது. அதற்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் சுழற்சிகளில் என்ன விழுகிறது என்பதைச் சில வாரங்கள் ஒரு நோட்டில் பிள்ளையே எழுதி வரட்டும். ஏற்கெனவே கையில் உள்ள சாதாரண ஸ்கின்னே மறுபடி மறுபடி வந்திருந்தால், நீங்கள் எதுவும் சொல்லாமலே அது பிள்ளையின் கண்ணில் படும். இதற்கிடையே ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால், அடிப்பதற்குக் கை ஓங்கும் முன், 48 மணி நேரத்துக்குள் அங்கேயே ரீஃபண்ட் கேட்டுப் பார்க்கலாம்.