கன்னியாஸ்திரி: தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் பாகான் செராய் பக்கம் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வீட்டு வரிசைகளில்) வளர்ந்தவர்களுக்கு 'கன்னியாஸ்திரி' என்பது பைபிள் வகுப்பில் கேட்ட சொல், வாயில் வருவது 'சிஸ்டர்' மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல், ஆஸ்பத்திரி வார்டில் மூத்த தாதியும் சிஸ்டர். "சிஸ்டர் வந்தாங்க" என்று அம்மா சொன்னால், "ஊசி போடுறவங்களா, ஜெபமாலைக்காரங்களா?" என்று பாட்டி கேட்பார். (ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நோயாளிகளைக் கவனித்தவர்களில் பலர் துறவிகள், அவர்களை அழைத்த பெயர்தான் தாதிக்கும் ஒட்டிக்கொண்டது.)

சரி, சொல்லுக்கு வருவோம். கன்யா, ஸ்திரீ இரண்டுமே வடமொழி. சேர்த்தால் மணமாகாத பெண், அவ்வளவுதான். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று வாக்குறுதி கொடுப்பவருக்கு, முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். எலன் தெ சப்போத்தேன் என்ற பிரெஞ்சுப் பெண் 1865-ல் மதுரை மறைப்பணிக்கு வந்தார், 1877-ல் ஊட்டியில் புதுத் துறவற சபை தொடங்கினார், அந்தச் சபையின் சிஸ்டர்கள்தான் 1954-ல் பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா மருத்துவமனையைத் தொடங்கியவர்கள். ஊசி, கட்டில், கஞ்சி, பிரசவ அறை இதெல்லாம் 'கன்னியாஸ்திரி'க்குள் எங்கே இருக்கிறது?

பழந்தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா? கண்ணகியோடு மதுரைவரை நடந்த கவுந்தியடிகள் ஒரு சமணப் பெண் துறவி. கழுகுமலைச் சமணக் கல்வெட்டுகளில் 'குரத்தி' வருகிறது, பாடம் சொல்லும் பெண் துறவி, குரவர் என்பதன் பெண்பால். அழகான சொல், ஆனால் சமணத்தோடு போய்விட்டது, இன்று யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் குறத்தி என்று காதில் விழுந்து வம்பாகிவிடும்.

இப்போது மாதா கோயில் அறிவிப்புகளில் 'அருட்சகோதரி'. சகோதரியும் வடமொழிதான், ஒரே வயிற்றில் பிறந்தவள் என்று பொருள், நம்முடைய 'உடன்பிறந்தாள்' அப்படியே. அதற்காக 'அருளுடன்பிறந்தாள்' என்று எழுதினால் படிப்பவர் மூச்சு வாங்குவார். தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'துறவி' போதும், ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். எழுத்தில் நான் அருட்சகோதரி என்றே போடுகிறேன்.

பாட்டியிடம் இதையெல்லாம் விளக்கினேன். "லயத்துக்கு மருந்துப் பையோட வருவாங்களே, அவங்கதானே?" என்றார். ஆமாம் பாட்டி, அவங்கதான்.