நடக்க முடியாமல் போனால் வைத்திருப்பீர்களா? முதியோர் இல்லம் தேடுகிறவர்களுக்கு

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் குடும்பத்தோடு வெளிநாடு போக, வீடு வாடகைக்குப் போனது. கனடாவில் இருக்கும் மகன் ஒரு தொகை முற்பணம் கட்டி, மாதாமாதம் காசு அனுப்பி, ஆச்சியை ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்தார். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஆச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று இல்லத்துக்கு அறிவித்தோம். "படுக்கையில கிடக்கிறவங்களைப் பார்க்க எங்களிட்ட ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். சேரும்போது கையெழுத்து வைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். "தனது வேலைகளைத் தானே செய்யக்கூடிய காலம் வரை" என்று அதில் ஒரு வரி இருந்தது. மகனும் அதை வாசிக்கவில்லை, ஆச்சிக்கும் யாரும் வாசித்துக் காட்டவில்லை. முற்பணம் திரும்பி வரவும் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இல்லம் தேடுகிற பிள்ளைகள் கட்டில், சாப்பாடு, காற்றோட்டம் எல்லாம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாடுகளில் தொடர் பராமரிப்புக் குடியிருப்பு என்று ஒன்று உண்டு. நடமாடும் காலத்தில் தனி வீடு, கொஞ்சம் தளர்ந்தால் துணைக்கு ஆள், படுக்கையானால் தாதிப் பராமரிப்பு, மூன்றும் ஒரே வளவுக்குள் இருக்கும். சேரும்போது ஒரு பெருந்தொகை, அப்புறம் மாதக் கட்டணம். அங்கே இருக்கும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு, இங்கே இல்லத்துக்குக் காசு கட்டினால் கடைசிவரை பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பெரும்பாலான இல்லங்கள் நடமாடுகிறவர்களுக்கானவை. தொண்டு இல்லமென்றாலும் கட்டண இல்லமென்றாலும், சேரும்போது வைத்தியச் சான்றிதழ் கேட்பது தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமல்ல. தானாக எழுந்து, குளித்து, சாப்பிடுவாரா என்று பார்க்கவும்தான்.

ஆகவே முதல் நாளே நேராகக் கேளுங்கள்: "அம்மா படுக்கையானால் வைத்திருப்பீர்களா?" "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அதை "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "வைத்திருப்போம்" என்றால், இரவில் யார் புரட்டிப் படுக்க வைப்பது, பம்பர்ஸ் யார் வாங்குவது, கதீற்றர் (சிறுநீர்க் குழாய்) போட்டால் யார் பார்ப்பது, அதற்குத் தனியாக எவ்வளவு என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். ஞாபகமறதி முற்றி வெளியே நடக்கத் தொடங்கினால் என்ன செய்வார்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மறதிக்காரரைத் திருப்பி அனுப்பிய கதைகள் படுக்கையானவர்களுடையதை விடக் கூடுதலாகக் காதில் விழுகின்றன.

சட்டத்தைப் பற்றி நாலு வரி போதும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2011இல் திருத்தினார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர் முதியோர். பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்று அது சொல்கிறது. தன்னைப் பராமரிக்க வழியில்லாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து மாதச் செலவு கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். முதியோர் இல்லங்களின் பதிவும் இந்தச் சட்டத்தில் வருகிறது. இல்லத்தில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லும்போது கவனமாக இருங்கள். சுவரில் கண்ணாடிச் சட்டகம் போட்டு மாட்டியிருப்பது சில இடங்களில் கம்பனிப் பதிவாகவோ சங்கப் பதிவாகவோ இருக்கும். முதியோர் இல்லமாகப் பதிந்ததற்கான கடிதம் அதுவல்ல. சந்தேகமென்றால் அந்தப் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ சமூக சேவை உத்தியோகத்தரிடமோ இல்லத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இலவச இல்லம் தேடுகிறவர்களுக்கு அலைச்சல் தொடங்குவது இங்கேதான். ஆதரவற்றவர் என்று கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும், அதன்மேல் பிரதேச செயலகத்தின் சிபாரிசு வேண்டும். போனால் என்ன நடக்கும்? "உங்களுக்குத்தான் புள்ளைகள் இருக்கே ஆச்சி, புறகு ஏன் இல்லம்?" என்று திருப்பி அனுப்புவார்கள். பிள்ளை இருப்பதும் பிள்ளை பார்ப்பதும் ஒன்றா? ஐந்து வருடமாகத் தொலைபேசி கூட எடுக்காத மகன், பதிவேட்டில் மகன்தான். அந்த இடத்தில் வாக்குவாதப்பட வேண்டாம். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், கடைசியாக எப்போது காசு அனுப்பினார்கள், இப்போது யார் வீட்டில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னதற்கு அலுவலகத்தில் கணக்கில்லை. அடுத்த முறை போகும்போது கதிரையில் வேறு ஆள் இருப்பார், நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இன்னொரு பொறி, வதிவிடம். ஆச்சியின் பெயர் பழைய கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருக்கும். இல்லம் வேறு பிரிவில், சில வேளை வேறு பிரதேச செயலகத்தில் இருக்கும். செங்கலடி ஆள் நகரத்துக்கு வந்தால் ஏறாவூர்ப்பற்றிலிருந்து மண்முனை வடக்குக்குப் போகிறார். பழைய பிரிவு உத்தியோகத்தர் "ஆச்சி இப்ப இங்க இல்லையே" என்பார், புதிய பிரிவுக்காரர் "என்ர பதிவில இல்லையே" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணத் திட்டத்தில் வரும் முதியோர் கொடுப்பனவு நின்றுபோகும். 70 வயதைக் கடந்த வறிய முதியோருக்கு வருவது மாதம் 3,000 ரூபாயாக இருந்து 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆனது. சிறிய தொகைதான், ஆனால் மருந்துக்கும் பம்பர்ஸுக்கும் ஆச்சியின் கையில் இருக்கும் ஒரே காசு பல வேளை அதுதான். இல்லத்துக்குப் போவதற்கு முதலே பிரதேச செயலகத்துக்குப் போய், மாறினால் கொடுப்பனவு எங்கே எப்படி வரும் என்று கேளுங்கள். போன பிறகு கேட்டால் நின்ற மாதங்களுக்காக நடையாய் நடக்க வேண்டும்.

ஓய்வூதியக்காரருக்கு ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் உயிர்வாழ் சான்றிதழ். அது போகாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும். இல்லத்தில் யார் அதைக் கவனிப்பது என்று தை மாதத்துக்கு முன்னமே பேசி வையுங்கள். வங்கிக் கொப்பியையும் ஏ.ரி.எம். அட்டையையும் இல்ல நிர்வாகியிடம் ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்கு நிர்வாகம் மாறும்.

இனிக் காணி உறுதி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவது பரம்பரை வழக்கம். மகள் பக்கத்தில் இருந்து பார்த்த காலத்தில் அது சரியாக நடந்தது. மகள் கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும்போது, பெற்றவர் சொந்த வளவில் உரித்தில்லாத ஆள். ஆகவே சீதன உறுதியோ நன்கொடை உறுதியோ எழுதும்போது சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கு வைத்து எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். "பிள்ளையை நம்பேல்லையா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடையை, பிள்ளை நன்றி மறந்து நடந்த காரணத்துக்காக இரத்துச் செய்ய மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2017இல் அதற்கென்றே சட்டம் வந்தது. எழுபத்தைந்து வயதில் தவணை தவணையாக நீதிமன்றம் ஏறுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசிவரை பார்ப்போம், காணியை எழுதித் தாருங்கள் என்று ஒரு இல்லம் கேட்டால் அன்றைக்கு எதிலும் கையெழுத்து வைக்காமல் எழுந்து வாருங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது. வசதியில்லாதவர்கள் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

முற்பணத்துக்கு வருவோம். அது வைப்பா, நன்கொடையா? பற்றுச்சீட்டில் "நன்கொடை" என்று இருந்தால் திரும்பி வராது. ஆறு மாதத்தில் வெளியேறினால் எவ்வளவு, இறந்தால் யாரிடம் எவ்வளவு என்று எண்ணில் எழுதியிருக்க வேண்டும். மாதக் கட்டணம் எத்தனை மாதத்துக்கொரு தடவை, எவ்வளவு அறிவித்தலோடு கூடும் என்பதும். 2022இல் விலைகள் ஏறியபோது இந்த வரி இல்லாதவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும்.

இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், விளக்கு வைக்கிற நேரம் போங்கள். இரவில் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்கள் என்று சமையல்காரரிடம் கேளுங்கள், அலுவலகத்தில் கேட்பதை விட அங்கே உண்மை வரும். படுக்கையான யாராவது இப்போது அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால் அவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் அந்த வீதி தாழுமா என்பதை அயலாரிடம் விசாரியுங்கள். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதி வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நடு இரவில் ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்றால் என்னவென்று தெரியும்.

ஒன்று சொல்ல யாரும் விரும்புவதில்லை. இல்லத்தில் இயற்கையாக மரணம் நடந்தால், அந்த இடத்துக் கிராம உத்தியோகத்தர்தான் மரண அறிக்கை எழுதித் தர வேண்டும். அவருக்கு ஆச்சியை முன்பின் தெரியாதென்றால் பிரேதத்தை வைத்துக்கொண்டு அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் தேடுவீர்கள். அடையாள அட்டை, ஓய்வூதிய இலக்கம், கிளினிக் கொப்பி, ஊரில் இருக்கும் இரண்டு உறவினரின் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, பிரதியை ஊரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

உடன்படிக்கைகள் சில ஆங்கிலத்தில் மின்னஞ்சலில் கனடாவுக்குப் போய், கையெழுத்தோடு திரும்பி வருகின்றன. இல்லத்தில் இருக்கப் போகிறவர் அதைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். தமிழில் ஒரு பிரதி கேளுங்கள். தாயோ தகப்பனோ பக்கத்தில் இருக்க, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் முகம் மாறுகிறதோ அந்த வரியைத் திருத்திய பிறகு மட்டும் காசைக் கட்டுங்கள்.