ஆன்டிஹிஸ்டமின்: 'முறி'யா, 'தடுப்பி'யா?

ஒவ்வாமைக்குத் தரப்படும் மருந்து ஆன்டிஹிஸ்டமின்; ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் வேதிப்பொருள் ஹிஸ்டமின். 'ஹிஸ்டமின்' என்ற பெயரின் வேர், தறியையும் அதில் நெய்த துணியையும் குறித்த 'ஹிஸ்டோஸ்' என்னும் கிரேக்கச் சொல். மருத்துவத்தில் அது திசுவைக் குறிக்கலாயிற்று. 1896-இல் கண்டறியப்பட்ட ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், கார்பாக்சில் தொகுதியை இழந்து அமீனாக மாறும்போது கிடைப்பதே ஹிஸ்டமின். 'ஆன்டி' என்பது எதிர் என்னும் பொருள்தரும் முன்னொட்டு.

தமிழில் இதை 'ஹிஸ்டமின் முறி' என்றும் 'ஹிஸ்டமின் எதிர்ப்பி' என்றும் எழுதுகிறார்கள். நஞ்சுமுறி நஞ்சைச் செயலிழக்கச் செய்வதுபோல இம்மருந்தும் ஹிஸ்டமினை அழிக்கிறது என்று மாணவர் எண்ண இடமளிப்பதால், 'முறி' பொருந்தாது. மாஸ்ட் செல் என்னும் நோயெதிர்ப்புச் செல்லிலிருந்து வெளிப்பட்ட ஹிஸ்டமின் அப்படியே இருக்க, அது சென்று பிணையும் எச்1 ஏற்பி என்னும் செல்புரதத்தில் மருந்து அமர்ந்து, அந்த ஏற்பியைச் செயலற்ற நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. ஆகவே 'ஹிஸ்டமின் ஏற்பித் தடுப்பி' என்பதே, சற்று நீளமானாலும், சரியான சொல். மருந்துக்கடையில் வழங்கும் 'அலர்ஜி மாத்திரை' என்ற பெயர் ஸ்டீராய்டையும் குறித்துவிடும். கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் அட்ரினலினுக்கு ஆன்டிஹிஸ்டமின் மாற்றாகாததற்கு ஒரு காரணம் உண்டு: அங்கே ஹிஸ்டமின் மட்டுமன்றி வேறு பல வேதிப்பொருள்களும் வேலை செய்கின்றன.

இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும் எச்2 ஏற்பியைத் தடுக்கும் ஃபாமோடிடினும் சொல்லளவில் ஆன்டிஹிஸ்டமினே. வழக்கில் அதை யாரும் அவ்வாறு அழைப்பதில்லை.

பக்கவிளைவுகளுக்கு வருவோம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள ஹிஸ்டமின் நரம்பணுக்கள் நம்மை விழிப்பாக வைத்திருப்பவை. குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதில் புகுந்து அங்குள்ள எச்1 ஏற்பிகளையும் அடைத்துவிடுவதால் தூக்கம் வருகிறது. வாய் உலர்வு, மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் தேக்கம் ஆகியவற்றுக்கு ஹிஸ்டமின் காரணமன்று. அசெட்டைல்கோலின் என்ற நரம்புவேதிப்பொருள் பிணையும் மஸ்கரினிக் ஏற்பிகளையும் இம்மருந்துகள் சேர்த்துத் தடுப்பதே காரணம். அதனால்தான் புராஸ்டேட் வீக்கமுள்ள முதியவருக்கும் குறுகுகோணக் கண்ணழுத்த நோயாளிக்கும் இவற்றைத் தர மருத்துவர்கள் தயங்குகின்றனர். இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த ஃபெக்சோஃபெனடின் மூளைக்குள் நுழைய முயலும்போது மூளையின் இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள பி-கிளைக்கோபுரதம் அதை வெளியே தள்ளிவிடுவதால் பெரும்பாலும் தூக்கம் தருவதில்லை. அதே தலைமுறையைச் சேர்ந்த செட்டிரிசின் சிலருக்குத் தரும்.