புல்பப்: காளையும் இல்லை, குறுந்துவக்கும் இல்லை

கைபேசியில் சுடுகிற விளையாட்டு ஆடாத பெடியனைத் திருகோணமலையில் இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்கள் பார்க்கும் தமிழ்க் காணொளிகளில் ‘காளைக்குட்டித் துப்பாக்கி’ என்று ஒன்று வருகிறது. முதலில் சிரித்துவிட்டு விட்டேன். இப்போது உவர்மலைப் பெடியளும் அதையே சொல்கிறார்கள்.

மூலச்சொல் ஆங்கிலத்தின் புல்பப் (bullpup), ஒரு வகைத் துவக்கின் பெயர். சொல்லுக்குப் பொருள் புல்டாக் நாயின் குட்டி. கட்டையாக, அழகில்லாமல், ஆனால் மூர்க்கமாக இருப்பதால் அமெரிக்கர் வைத்த பட்டப்பெயர் என்பார்கள். காளைக்கு இதில் வேலையே இல்லை. அப்படியே இருந்தாலும் மாடு போடுவது கன்றுதானே, குட்டி எங்கிருந்து வந்தது?

சரி, பொருளுக்கு வருவோம். வழக்கமான துவக்கில் ரவைக்கூடு, விரலால் இழுக்கும் விசைவில்லுக்கு முன்னால் இருக்கும். பின்னால் இருக்கும் பிடங்குக்குத் தோளில் முட்டுக்கொடுப்பதே பெரிய வேலை. புல்பப்பில் ரவையை ஏற்றி வெடிக்க வைக்கும் பொறி விசைவில்லுக்குப் பின்னால், பிடங்குக்குள்ளேயே போய்விடுகிறது. 1901இல் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயரின் தோர்னிகிராஃப்ட் துவக்கு இப்படிப்பட்டதுதான். நீளமும் குறைவு, பாரமும் குறைவு. சுடும்போது உதைப்பு கூட என்று படை அதை ஏற்கவில்லை.

காளைக்குட்டியை விரட்டுவது சுலபம். எனக்குப் பெரிய வழக்கு புல்பப்பைக் ‘குறுந்துவக்கு’ என்பவர்களோடுதான். நல்ல தமிழ், வாயிலும் நிற்கிறது, ஆனால் பிழை. குறுந்துவக்கு என்றால் குழலைக் குறுக்கியது, அதாவது கார்பைன். புல்பப்பில் குழல் குறுகுவதே இல்லை, அதுதான் அதன் சூட்சுமம். ஈ.எம்-2 என்ற ஆங்கிலேயப் பரிசோதனைத் துவக்கைப் பாருங்கள். முழு நீளம் ஏறத்தாழ 89 சென்ரிமீற்றர், குழல் மட்டும் 62. பிறகு அதன் இடத்துக்கு வந்த எஃப்.என். ஃபால் என்ற பெல்ஜியத் துவக்கு வகையோ ஒரு மீற்றரைத் தாண்டும், குழல் 53தான். குட்டையான துவக்கில் நீளமான குழல்! அதைப் போய்க் குறுந்துவக்கு என்றால் கண்டுபிடிப்பே பெயரில் காணாமல் போகிறது. தூக்குபிடியிலேயே குறிகாட்டும் வில்லையைப் பொருத்திய அந்த ஈ.எம்-2ஐ 1951இல் ஏற்றுக்கொண்டார்கள். சர்ச்சில் திரும்பவும் பிரதமரானதும் கைவிட்டார்கள். நேட்டோ நாடுகளுக்கெல்லாம் ஒரே ரவை என்ற பேச்சில் அமெரிக்கா தன் ரவையைவிட்டு இறங்கிவராததுதான் காரணம், வடிவமல்ல.

ஆனாலும் வடிவத்துக்கும் குறை உண்டு. வெற்றுக்கோது கன்னத்துக்குப் பக்கத்தில் தெறிக்கும், இடக்கையால் சுடுபவர் பாடு திண்டாட்டம். பொறி எங்கே இருக்கிறது என்று பெயர் சொன்னால் இதுவும் தானாக விளங்கும். அதனால் ‘பிடங்குப்பொறித் துவக்கு’ என்பேன். ‘பொறித்துவக்கு’ என்று சுருக்கினால் மூதூர்ப் பக்கத்தில் பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்கு என்று நினைப்பார்கள். ‘பின்னேற்றி’ என்றாலோ பின்பக்கமாக ரவை போடும் எல்லாத் துவக்கும் அதற்குள் வந்துவிடும்.

தூயதமிழ் அன்பர்கள் துவக்கையே நீக்கச் சொல்வார்கள். துவக்கும் துப்பாக்கியும் துருக்கி வழி வந்தவைதான். வந்து பல தலைமுறையாயிற்று, இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். இதே ஈ.எம்-2ஐ ஒருவர், புரோட்டோரைப் (prototype) என்பதற்கு, ‘முன்மாதிரித் துப்பாக்கி’ என்று எழுதியிருந்தார். நமக்கு முன்மாதிரி என்றால் ஒழுக்கமான மாணவன். முதலுரு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?